குவான்டோபியன்: நேர்மையான பேக்டெஸ்ட் மென்பொருள் மட்டும் ஏன் போதவில்லை

பேக்டெஸ்ட் செய்ய, அதாவது ஒரு வர்த்தக உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிச் சோதிக்க, எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்கள் வழக்கமாக வேகம், வசதி, விலை ஆகிய மூன்றைத்தான் ஒப்பிடுகிறார்கள். இந்த மூன்றிலும் குறை சொல்ல முடியாத ஒரு மென்பொருள் இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2011இல் ஜான் ஃபாசெட், ஜீன் பிரெடேஷ் இருவரும் தொடங்கிய குவான்டோபியன்தான் அது. எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரைத் திறந்தால் போதும். பைத்தான் நிரல்மொழியில் உத்தியை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால், 2002இலிருந்து அமெரிக்கப் பங்குகளின் நிமிடவாரி விலையில் அது எப்படி ஓடியிருக்கும் என்று காட்டிவிடும். கட்டணமும் கிடையாது. அதுவரை பெரிய ஹெட்ஜ் ஃபண்டுகளின் சுவர்களுக்குள் மட்டும் இருந்த கருவி, கல்லூரி மாணவர் கைக்கும் வந்தது. பயனர்கள் 3 லட்சம் பேரளவுக்குப் பெருகினார்கள். 2020 நவம்பரில் அந்தத் தளம் மூடப்பட்டது.

மென்பொருள் மோசமாக இருந்ததால் அது மூடப்படவில்லை. பொதுமக்களுக்குக் கிடைத்த பேக்டெஸ்ட் எஞ்சின்களில் மிகக் கவனமாகக் கட்டப்பட்டவற்றில் ஒன்று அது என்பது என் மதிப்பீடு. அதனால்தான் இந்த நிகழ்வைப் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது. மென்பொருள் தேர்வு செய்பவர் எதைப் பார்க்க வேண்டும், எதை மென்பொருளிடம் எதிர்பார்க்கவே கூடாது என்பது இரண்டும் இதில் தெளிவாகத் தெரிகின்றன.

எஞ்சினுக்குள் என்ன இருந்தது

குவான்டோபியனின் அடியில் ஓடியது ஜிப்லைன் என்ற எஞ்சின். 2012இல் அதைத் திறந்த மூலமாகவே, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்டார்கள். நிகழ்வு அடிப்படையில் இயங்கும் எஞ்சின் அது. கடந்த காலத்தை நிமிடம் நிமிடமாக மறுபடி ஓட்டி, ஒவ்வொரு நிமிடமும் நம் நிரலைக் கூப்பிடும். அந்த நிமிடம் வரைக்குமான விலைதான் நிரலுக்குத் தெரியும். இந்த நிமிடம் ஆர்டர் போட்டால், அது நிறைவேறுவது மிக விரைவாக என்றாலும் அடுத்த நிமிடத்தில்தான். எக்ஸெல்லில் பேக்டெஸ்ட் செய்பவர்கள் அதிகமாக விழும் குழி இங்கேயே அடைக்கப்பட்டுவிட்டது. இன்றைய முடிவு விலையை வைத்து சிக்னல் கணக்கிட்டு, அதே முடிவு விலையில் வாங்கியதாகக் கணக்கெழுதுவதுதான் அந்தக் குழி. 3:30க்குச் சந்தை மூடிய பிறகு தெரிய வரும் விலையில் 3:30க்கு முன்னால் வாங்க முடியாது. ஆனால் ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களைப் பெருக்கும் சூத்திரம் இதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்தது, காணாமல் போன நிறுவனங்கள். லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பரில் திவாலானது. இன்று பட்டியலில் இருக்கும் பங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு 'அதிகம் விழுந்ததை வாங்கு' என்ற உத்தியை 2008இல் ஓட்டிப் பார்த்தால், விழுந்து எழுந்தவை மட்டுமே அதில் இருக்கும். விழுந்து எழாதவை பட்டியலிலேயே இல்லாததால் உத்தி அற்புதமாகத் தெரியும். குவான்டோபியனின் தரவில் பட்டியலிலிருந்து நீங்கிய பங்குகளும் அவற்றின் கடைசி நாள் வரை இருந்தன. ஒவ்வொரு பங்குக்கும் நிரந்தர எண் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் விட்டுச்சென்ற டிக்கர் எழுத்துகளை, அதாவது பங்கின் சுருக்கக் குறியீட்டை, பின்னால் வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்வது சாதாரணம். எழுத்துகளை மட்டும் நம்பினால் சம்பந்தமில்லாத இரண்டு நிறுவனங்களின் வரலாறு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விலையுயர்ந்த மென்பொருள்களிலும் இது தவறிப்போகிறது. ஆப்பிள் பங்கு 2014 ஜூனில் 1க்கு 7 என்று பிரிக்கப்பட்டது, அதாவது ஒரு பங்கு ஏழு பங்குகளானது. 645 டாலரில் மூடிய பங்கு, அடுத்த வர்த்தக நாளில் 92 டாலர் அளவில் திறந்தது. பெரும்பாலான தரவு விற்பனையாளர்கள் பழைய விலைகள் எல்லாவற்றையும் 7ஆல் வகுத்துத் தருவார்கள். சார்ட் அழகாகத் தொடரும். ஆனால் 'விலை 100 டாலருக்குக் கீழே இருக்கும் பங்குகளை மட்டும் எடு' என்று உங்கள் உத்தியில் ஒரு வடிகட்டி இருந்தால், 2013இல் ஆப்பிள் அதற்குள் வந்துவிடும். உண்மையில் அந்த ஆண்டு அது 400 டாலரை ஒட்டியும் அதற்கு மேலுமே விற்றது. அடுத்த ஆண்டு நடக்கப்போகும் பிரிப்பை உங்கள் நிரல் முன்கூட்டியே அறிந்துகொண்டது என்றுதான் இதற்குப் பொருள். ஜிப்லைன் விலைகளைச் சீரமைத்தது, பேக்டெஸ்ட் எந்தத் தேதியில் நின்றுகொண்டிருக்கிறதோ அந்தத் தேதி வரை நடந்த பிரிப்புகளுக்கு மட்டும். இதைச் செய்ய நிறைய உழைப்பு தேவை. வெளியே யாருக்கும் தெரியாத உழைப்பு.

ஸ்லிப்பேஜிலும், அதாவது நினைத்த விலைக்கும் ஆர்டர் உண்மையில் நிறைவேறும் விலைக்கும் உள்ள வித்தியாசத்திலும், அதே கவனம். ஜிப்லைனின் ஓர் இயல்பு அமைப்பில், ஒரு நிமிடத்தில் வர்த்தகமான பங்குகளில் 2.5%க்கு மேல் உங்கள் ஆர்டர் நிறைவேறாது. ஒரு நிமிடத்தில் 10,000 பங்குகள் கைமாறியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 250. மீதி அடுத்தடுத்த நிமிடங்களுக்குத் தள்ளிப்போகும். வால்யூமே இல்லாத சிறு பங்குகளில் கோடிகளைக் குவிப்பதாகக் காட்டும் உத்திகள் இந்த ஒரு விதியிலேயே செத்துப்போயின.

888 உத்திகள்

இவ்வளவு நேர்மையான எஞ்சினில் ஓடிய உத்திகள், எழுதி முடித்த பிறகு வந்த புதிய மாதங்களில் என்ன ஆயின? குவான்டோபியனின் ஆய்வாளர்களே 2016இல் இதை அளந்து வெளியிட்டார்கள். பயனர்கள் எழுதிய 888 உத்திகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எழுதி முடித்த நாளுக்குப் பிறகு குறைந்தது 6 மாதத் தரவு இருந்தது. பேக்டெஸ்டில் காட்டிய ஷார்ப் விகிதத்தையும் (ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்ட லாபம்), அதன் பிறகு வந்த ஷார்ப் விகிதத்தையும் ஒப்பிட்டார்கள்.

இரண்டுக்கும் உள்ள தொடர்பை 0 முதல் 1 வரை அளக்கும் ஆர்-ஸ்கொயர்டு மதிப்பு 0.025க்கும் கீழே. அதாவது, பேக்டெஸ்ட் ஷார்ப் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதால் பின்னால் வரப்போவதைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே தெரிந்துவிடவில்லை. ஏற்ற இறக்க அளவு, அதிகபட்ச டிராடவுன் (உச்சத்திலிருந்து விழுந்த அளவு) போன்றவையும், ஹெட்ஜிங் (இழப்புக்கு எதிரான ஈடு) செய்யப்பட்டிருக்கிறதா போன்ற கட்டுமான அம்சங்களும் அதைவிட அதிகமாகச் சொல்லின. லாபத்தைவிட ரிஸ்க் நிலையான குணம் என்று இதைப் படிக்கலாம்.

இன்னொரு கண்டுபிடிப்புதான் மென்பொருள் தேர்வுக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஒரு பயனர் ஓர் உத்தியை எத்தனை முறை பேக்டெஸ்ட் செய்தார் என்ற எண்ணிக்கை தளத்திடம் இருந்தது. எவ்வளவு அதிகமாக ஓட்டினாரோ, அவ்வளவு அதிகமாக பேக்டெஸ்டுக்கும் பின்னால் வந்த பலனுக்கும் இடைவெளி விரிந்தது. ஒவ்வொரு முறை ஓட்டிவிட்டு ஸ்டாப்லாஸை (நட்டம் இவ்வளவு ஆனால் வெளியேறும் வரம்பு) 2%லிருந்து 1.8%ஆக மாற்றும்போதும், சராசரியை 20 நாளிலிருந்து 23 நாளாக மாற்றும்போதும், உத்தி கடந்த காலத்தின் தற்செயல்களோடு இன்னும் இறுக்கமாகப் பொருந்துகிறது. எஞ்சின் பொய் சொல்லவே இல்லை. கேட்ட கேள்விகளின் எண்ணிக்கைதான் பதிலைக் கெடுத்தது.

இதற்குக் கணக்கு உண்டு. எந்தத் திறமையும் இல்லாத, உண்மையான ஷார்ப் பூஜ்ஜியமாக இருக்கும் உத்திகளை 5 ஆண்டுத் தரவில் ஓட்டினால், தற்செயலால் மட்டுமே அளக்கப்படும் ஆண்டு ஷார்ப் 0.45 அளவுக்கு மேலும் கீழும் சிதறும். அப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 45 உத்திகளை ஓட்டி, அவற்றில் சிறந்ததை எடுத்தால், அதன் ஷார்ப் சராசரியாக 1ஐத் தொட்டுவிடும். பெய்லி, போர்வைன், லோபஸ் டி பிராடோ, ஜூ ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இந்த எல்லை இருக்கிறது. 10,000 முறை ஓட்டினால் அதே வெறும் சத்தத்திலிருந்து 1.7 வரை கிடைக்கும். இன்றைய வேகமான மென்பொருள்களில் 10,000 சேர்க்கைகள் என்பது ஒரு டீ குடிக்கும் நேரம். வேகத்தைப் பார்த்து மென்பொருள் வாங்குபவர், தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் வேகத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

முடிவு வந்த விதம்

குவான்டோபியனின் வணிகக் கணக்கு எளிமையானது. உலகெங்கும் இருந்து உத்திகள் வரும், அவற்றில் சிறந்தவற்றுக்கு முதலீடு தருவோம், எழுதியவருக்கு லாபத்தில் பங்கு. 2015இல் நடந்த போட்டிகளில் வென்றவருக்கு 1 லட்சம் டாலர் கணக்கை 6 மாதம் ஓட்ட உரிமை கிடைத்தது. 2016 ஜூலையில் ஹெட்ஜ் ஃபண்ட் முதலாளி ஸ்டீவ் கோஹன் 25 கோடி டாலர் வரை முதலீட்டுக்குத் தர முன்வந்தார். 2017இல், பயனர்கள் தங்கள் சொந்த புரோக்கர் கணக்கில் உத்தியை நேரடியாக ஓட்டும் வசதி நிறுத்தப்பட்டது. தளத்தின் கவனம் முழுவதும் ஃபண்டுக்குப் போனது. அந்த ஃபண்டின் பலன் போதவில்லை. 2020 தொடக்கத்தில் முதலீட்டாளர்களின் பணம் திருப்பித் தரப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் தளமும் மூடியது, குழுவினர் பங்கு வர்த்தகச் செயலி நடத்தும் ராபின்ஹுட் நிறுவனத்துக்குப் போனார்கள்.

மென்பொருள் தேர்வு என்ற கோணத்தில் இங்கே இரண்டு நாள்கள் முக்கியம். ஒன்று 2017இல் நேரடி வர்த்தகம் நின்ற நாள். பேக்டெஸ்டும் நேரடி வர்த்தகமும் ஒரே நிரலில் ஓடும் என்பதற்காகவே அந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, தேர்வின் காரணமே அன்று போய்விட்டது. இன்னொன்று தளம் மூடிய நாள். எழுதிய நிரல் வெறும் எழுத்து, அதை எடுத்துச் செல்லலாம். தரவை எடுத்துச் செல்ல முடியாது. நிமிடவாரி விலை, நீங்கிய பங்குகளின் வரலாறு, நிரந்தர எண்கள், சரியான தேதிக்குச் சீரமைக்கப்பட்ட பிரிப்புகள் என்று மேலே பாராட்டியவற்றில் பாதிக்கும் மேல் உரிமம் பெற்ற தரவில்தான் இருந்தது. ஜிப்லைன் வெளியே இருந்தும், அதற்கு உணவாக அதே தரம் கொண்ட தரவை ஒரு தனி ஆளால் திரட்ட முடியவில்லை. இலவசமாகக் கிடைத்துவந்த குவாண்டல் விக்கி பங்குத் தரவு 2018லேயே புதுப்பிக்கப்படாமல் நின்றிருந்தது.

ஜிப்லைனின் கதை அதோடு முடியவில்லை. நிறுவனம் விட்டுச்சென்ற எஞ்சினை ஸ்டெஃபான் ஜான்சன் 'ஜிப்லைன்-ரீலோடட்' என்ற பெயரில் எடுத்து, புதிய பைத்தான் பதிப்புகளுக்கு ஏற்பத் தொடர்ந்து பராமரித்தார். அதன் சந்தை நாட்காட்டி நூலகமும் தனியாகப் பிரிந்து வளர்ந்தது. மூலம் திறந்திருந்ததால்தான் இது நடந்தது. மூடிய மென்பொருள் ஒன்று இப்படி நின்றிருந்தால், அதில் எழுதியவை அனைத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

நம் சந்தைக்குக் கொண்டுவரும்போது

என்எஸ்இயில் (தேசியப் பங்குச் சந்தை) வர்த்தகம் செய்பவர் முன்னால் இன்று பல வழிகள் இருக்கின்றன. விண்டோஸில் ஓடும் அமிபுரோக்கர், டிரேடிங்வியூவின் பைன் ஸ்கிரிப்ட், பைத்தானில் பேக்டிரேடர், வெக்டர்பிடி, சி-ஷார்ப்பில் எழுதப்பட்டு பைத்தானும் ஏற்கும் குவான்ட்கனெக்டின் லீன், ஆப்ஷன்களுக்கென்றே (குறித்த விலையில் வாங்கும் அல்லது விற்கும் உரிமை ஒப்பந்தங்கள்) இருக்கும் உள்நாட்டுத் தளங்கள். எல்லாவற்றையும் அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. உத்தி மாறினால் மதிப்பெண்ணும் மாறும். மாதம் ஒருமுறை பங்குகளை மாற்றும், ஏறிவருபவற்றை வாங்கும் மொமென்டம் உத்திக்கு நிமிடத் தரவு தேவையே இல்லை, ஆனால் நீங்கிய பங்குகளின் வரலாறு இல்லாமல் அந்த பேக்டெஸ்டுக்கு மதிப்பில்லை. காலை 9:20க்கு ஸ்ட்ராடில் (ஒரே விலைக்கான கால், புட் ஆப்ஷன்கள் இரண்டும்) விற்பவருக்கு நீங்கிய பங்குகளைப் பற்றிக் கவலையில்லை. நிமிடத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் அவருக்கு வாழ்வும் சாவும்.

இயல்பு அமைப்புகளை முதலில் பாருங்கள். பைன் ஸ்கிரிப்டில் கமிஷனும் ஸ்லிப்பேஜும் நாமாகக் கொடுக்காவிட்டால் பூஜ்ஜியம். ஒரு கேண்டிலுக்குள், அதாவது ஒரு காலப்பகுதியின் விலைப் பட்டைக்குள், உச்சம் முதலில் வந்ததா, தாழ்வு முதலில் வந்ததா என்பதையும் அது ஊகிக்கிறது. திறப்பு விலை உச்சத்துக்கு அருகில் இருந்தால் உச்சத்தைத் தொட்டுவிட்டுத்தான் விலை இறங்கியது என்று எடுத்துக்கொள்ளும். ஒரே கேண்டிலில் டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் விழும் உத்தியில், லாபமா நட்டமா என்பதை இந்த ஊகம்தான் தீர்மானிக்கிறது. இதை அவர்கள் ஒளிக்கவில்லை, ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். படிப்பவர்கள்தான் குறைவு.

விளம்பரப் பக்கத்தைவிட, சில தேதிகளைக் கொடுத்துப் பார்ப்பது ஒரு மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்லிவிடும் என்று நம்புகிறேன். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் பங்கு ஒரே நாளில் சுமார் 78% விழுந்தது. அன்று அது என்எஸ்இயின் 50 பெரிய பங்குகளைக் கொண்ட நிஃப்டி குறியீட்டில் இருந்தது. உங்கள் மென்பொருளில் அன்றைய நிஃப்டி 50 பட்டியலைக் கேளுங்கள். சத்யம் வருகிறதா? 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கியின் தடைக்கு ஆளான யெஸ் பேங்க், அந்த மாதம் வரை நிஃப்டியில் இருந்தது. அது வருகிறதா? வராவிட்டால், இன்றைய வெற்றியாளர்களின் பட்டியலை வைத்து நேற்றைய பந்தயத்தை ஓட்டுகிறீர்கள்.

ஐஷர் மோட்டார்ஸ் 2020 ஆகஸ்டில் 1க்கு 10 என்று பிரிந்தது. 21,000 ரூபாய் அளவில் இருந்த பங்கு 2,100 அளவுக்கு வந்தது. 2019இல் அதன் விலை என்ன என்று மென்பொருளைக் கேட்டால், அது எந்த வகைச் சீரமைப்பைச் செய்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். 50,000 ரூபாய் முதலீட்டில் அன்று எத்தனை பங்குகள் வாங்கியிருக்க முடியும் என்ற கேள்விக்கு 2 அல்லது 3 என்று சொல்கிறதா, 20க்கும் மேல் சொல்கிறதா என்று பாருங்கள்.

2021 பிப்ரவரி 24 எனக்கு மிகவும் பிடித்த சோதனை. தொழில்நுட்பக் கோளாறால் என்எஸ்இயில் காலை 11:40க்கு வர்த்தகம் நின்றது. மாலை 3:45க்கு மறுபடி திறந்து 5 மணி வரை நடந்தது. மாலை 3:15க்கு எல்லா பொசிஷனையும் மூடு என்று எழுதப்பட்ட இன்ட்ராடே உத்தி அன்று என்ன செய்யும்? சில மென்பொருள்கள் 11:40 மணி விலையையே 3:15க்கு வெட்கமில்லாமல் பயன்படுத்தும். சில, அன்றைய 3:30க்குப் பிந்தைய கேண்டில்களைத் தரவிலிருந்தே வெட்டிவிடும். சரியான விடை, 3:45க்குப் பிறகு கிடைத்த முதல் விலையில் வெளியேறியதாகக் காட்டுவது. 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் இரண்டு சிறு பகுதிகளாக நடந்த சிறப்பு அமர்வுகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்த அந்த நாள்களை முழு வர்த்தக நாளாக எண்ணினால் சராசரிகள் கோணும்.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள். நிஃப்டி ஏறக்குறைய 6% சரிந்தது. ஆப்ஷன் விற்பனை உத்தியை அந்த நாளில் ஓட்டி, ஸ்டாப்லாஸ் எந்த விலையில் நிறைவேறியதாகக் காட்டுகிறது என்று பாருங்கள். 150 ரூபாயில் ஸ்டாப்லாஸ் வைத்திருந்தால் சரியாக 150லேயே வெளியேறியதாகக் காட்டும் மென்பொருளை ஆப்ஷனுக்கு நம்பக் கூடாது. நம்மிடம் இருக்கும் ஆப்ஷன் கேண்டில்கள் கடைசியாக நடந்த வர்த்தக விலையால் ஆனவை. வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் அன்று எவ்வளவு இடைவெளி இருந்தது என்பது அதில் பதிவாவதே இல்லை. நடப்பு விலையிலிருந்து தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக் விலைகளில் (ஆப்ஷனில் குறித்த விலை) பல நிமிடம் வர்த்தகமே நடக்காமல் பழைய விலை அப்படியே நிற்கும். இந்தக் குறையை எந்த எஞ்சினும் சரிசெய்ய முடியாது. செயற்கையாக ஸ்லிப்பேஜைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்.

விதிகளும் காலத்தோடு மாறுகின்றன. நிஃப்டி லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தின் அளவு, 2021இல் 75லிருந்து 50ஆனது, 2024 ஏப்ரலில் 25ஆனது, அதே ஆண்டு நவம்பரில் மறுபடி 75க்கு ஏறியது. ஆப்ஷன் விற்பனைக்கான எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி 2024 அக்டோபர் 1 முதல் பிரீமியத்தில் (ஆப்ஷனின் விலை) 0.0625%லிருந்து 0.1%ஆக உயர்ந்தது. வங்கிப் பங்குக் குறியீடான பேங்க் நிஃப்டியின் வார எக்ஸ்பைரி (வாரந்தோறும் முடியும் ஒப்பந்தம்) 2016இல் தொடங்கி 2024 நவம்பரில் முடிந்துபோனது. செலவுகளைத் தேதிவாரியாகக் கொடுக்க இடம் தராத மென்பொருளில் பழைய ஆண்டுகளும் புதிய ஆண்டுகளும் ஒரே தராசில் நிற்கும். பேங்க் நிஃப்டி வார ஆப்ஷனில் எட்டு ஆண்டு லாபம் காட்டும் பேக்டெஸ்ட் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அந்த ஒப்பந்தம் இன்று சந்தையில் இல்லை.

இந்தியப் பயனருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. அல்கோக்களின் (தானாக ஓடும் உத்திகளின்) கடந்தகால லாபத்தையோ எதிர்பார்க்கும் லாபத்தையோ காட்டி விளம்பரம் செய்யக் கூடாது, அப்படிக் காட்டும் தளங்களோடு சேரவும் கூடாது என்று 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி புரோக்கர்களுக்கு உத்தரவிட்டது. 888 உத்திகளின் முடிவைப் படித்தவருக்கு இந்த உத்தரவு எவ்வளவு நியாயமானது என்று புரியும். பிறருடைய பேக்டெஸ்ட் வளைகோட்டைப் பார்த்துப் பணம் கட்டச் சொல்லும் எவரிடமும் அதை எத்தனை முறை ஓட்டிய பிறகு இந்தக் கோடு கிடைத்தது என்று கேளுங்கள்.

அதே கேள்வியை நம் மென்பொருளிடமும் கேட்க முடிய வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தையும் தேதி, அளவுருக்கள், முடிவு ஆகியவற்றோடு தானாகப் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதற்கு நான் வேகத்தைவிட அதிக மதிப்பெண் தருவேன். இல்லாவிட்டால் பைத்தானில் சில வரிகளில் நாமே எழுதிக்கொள்ளலாம். ஓடிய ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பில் ஒரு வரி சேர வேண்டும், அழிக்கக் கூடாது. கடைசி இரண்டு ஆண்டுத் தரவை வேறு கோப்புறையில் வைத்து, உத்தி முடிவாகும் வரை அதைத் தொடாமல் இருப்பதும் இதன் பகுதிதான்.

பணம் கட்டுவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. ஓர் எளிய உத்தியை, உதாரணமாக நிஃப்டியில் 20 நாள் சராசரிக்கு மேலே போனால் வாங்கி, கீழே வந்தால் விற்கும் உத்தியை, இரண்டு வெவ்வேறு மென்பொருள்களில் ஒரே தரவோடு ஓட்டுங்கள். மொத்த லாபத்தை ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு வர்த்தகத்தின் தேதியையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எங்காவது ஒரு நாள் விலகும், எங்காவது ஒரு விலை மாறும். அந்த இடத்தில் இரண்டில் ஒரு மென்பொருள் உங்களுக்குச் சொல்லாமல் ஒரு முடிவை எடுத்திருக்கிறது. அது ஆர்டர் நிறைவேறும் நேரமா, சந்தை நாட்காட்டியா, விலைச் சீரமைப்பா என்று தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகலாம். வர்த்தகப் பட்டியலை வரிவாரியாக வெளியே எடுக்க விடாத மென்பொருளில் இந்த ஒப்பீட்டைத் தொடங்கவே முடியாது, ஆகவே அதை இங்கேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.